குங்குமம் பட்ட டாலர்கள்

எங்கள் ஊரில் டாலர் நோட்டை மடிக்கக் கூடாது. யாங்கோனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நடுவில் ஒரு மடிப்புக் கோடு, ஓரத்தில் பேனா மை, எந்த ஊர் வங்கியோ குத்திய சின்ன முத்திரை, இவற்றில் எது இருந்தாலும் பணம் மாற்றுகிறவன் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவான். அமெரிக்காவில் இதே நோட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. "அப்ப அங்க போய் மாத்திக்குங்க, ஊலே" என்பான். ஊலே என்றால் மாமா. மரியாதை குறையாமல்தான் சொல்வான்.

எனக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கராக என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. டாலர் கட்டுகளைப் பார்த்து வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக வருகிறவர்களுக்கு நோட்டை எப்படி ஓரத்தில் பிடிப்பது, வியர்த்த கையால் ஏன் தொடக் கூடாது என்றெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வயதானவர், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. லத்தா வட்டாரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பர்மியப் பெண். அவள் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பசுந்தாங் வட்டாரத்தில் ஐந்தாவது மாடியில் நானும் மகளும் மட்டும்.

அவள் கேட்டது ஒரே ஒரு வருடம். ஜப்பானில் மொழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தால், காலையில் படிப்பு, மிச்ச நேரத்தில் இவ்வளவு மணி என்று கட்டுப்பாட்டோடு வேலை பார்க்க அனுமதி. படிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், கடைசியில் கையில் மிஞ்சுவதை வைத்துக் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

"மத்த நாட்டுப் பிள்ளைங்கள்லாம் இப்படித்தாம்ப்பா செய்யுதுங்க. ஒரு வருஷம் வேலையும் பாக்குதுங்க, ஊரும் பாக்குதுங்க. அதுக்குன்னே தனியா விசா இருக்கு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அது கெடையாது. அதான் நான் சுத்தி வளைச்சுப் போறேன்" என்றாள்.

பக்கத்து ஊரான பெகுவைத் தாண்டிப் போகாத பெண்.

நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால், திட்டம் போடுவதில் அவளைவிட எனக்குத்தான் உற்சாகம் அதிகமாக இருந்தது. அவள் வேலை விட்டு வந்ததும், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து உட்காருவோம். அவள் கைப்பேசியில் போடுவாள், நான் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் போடுவேன். பள்ளிக் கட்டணம், விடுதிக்கு ஆறு மாத முன்பணம், விமான டிக்கெட், குளிருக்கு ஒரு பழைய கோட்டு, அங்கே போய் வேலை கிடைக்கும்வரை சாப்பாடு. வேலை கிடைத்தபின் மாதம் எவ்வளவு வரும், அதில் அறை வாடகையும் ரயிலும் போக எவ்வளவு நிற்கும். அவள் ஒரு தொகை சொன்னால் நான் அதில் குறைப்பேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. என் மகள் கேட்டாள்.

ஒருநாள் அவள் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தேன்.

"இது என்ன, பனின்னு போட்டிருக்க?"

"பனி பாக்கப் போற செலவு. வடக்க போகணும். ரயிலு, ஒரு நாள் தங்கல்."

"பனிய போன்லயே பாத்துக்க. வெட்டுறேன்."

"வெட்டுங்க. உங்க சுருட்டையும் சேத்து வெட்டுங்க."

"சுருட்டு என் பென்ஷன். உன் கணக்குல வராது."

"அப்ப பனி என் சம்பளம். உங்க கணக்குல வராது."

அந்த வரி நின்றது. அவள் அம்மா போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

அந்த உற்சாகத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது நடக்காது என்று நினைத்தேன். கணக்கை முடித்து அடிக்கோடு போட்ட மறுவாரமே எங்கள் நாட்டுப் பணமான கியாட்டின் மதிப்பு விழுந்துவிடும். கியாட்டில் சேர்த்த பணம் டாலரில் சுருங்கிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து போடுவோம். அவள் முகம் வாடும். நான் தேற்றுவேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டே அவளுக்கு முப்பது கடந்துவிடும் என்று நம்பினேன்.

அவள் அம்மாவின் வளையல்களை அவள் விற்றுவிட்டு வந்து நின்ற அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

"அம்மா இருந்தா அவங்களே கழட்டிக் குடுத்திருப்பாங்க" என்றாள்.

உண்மைதான். கொடுத்திருப்பாள்.

அன்றே டாலர் வாங்கத் தொடங்கினோம். ஒரே கடையில் வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல நோட்டாகப் பார்த்து. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொன்றையும் என் கையில் கொடுப்பாள். நான் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துச் சொல்வேன். நோட்டுகள் மடங்காமல் இருக்க, அவள் அம்மாவின் எக்ஸ்ரே படங்கள் இருந்த பெரிய உறையில், இரண்டு படங்களுக்கு நடுவே வரிசையாக வைத்தோம். அதைவிடத் தட்டையான இடம் எங்கள் வீட்டில் இல்லை.

எதிர்வீட்டு அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழே தேநீர்க் கடையில் தினமும் காலையில் என்னோடு உட்காருவார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது.

"மகள அனுப்பிட்டு நீ யாரு கையில சோறு திம்ப? பம்பு போடத் தெரியுமா ஒனக்கு? கரண்டு வர்ற நேரம் எந்திரிச்சுத் தண்ணி ஏத்துவியா?"

"ஒரு வருஷந்தானண்ணே."

"எங்க வீட்லருந்தும் ஒருத்தன் மலேசியாவுக்கு ஒரு வருஷம்னுதான் போனான். அந்த வருஷம் இன்னும் முடியல." சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஐந்து மாடி ஏறி வீட்டுக்கு வந்தேன். எங்கள் படிக்கட்டில் எத்தனை வீடுகளில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் ஒவ்வொரு கதவாகக் கண்ணில் பட்டது. எல்லோர் பிள்ளைகளும் கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள்தான்.

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்த அம்மாள்தான் எல்லா ஏற்பாட்டையும் பார்த்தார். சயாமா என்று கூப்பிடுவாள், டீச்சரம்மா என்பதுபோல. இங்கிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்புவது லேசான காரியம் இல்லை. சயாமாவுக்குத் தெரிந்த ஒருவர் டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, அங்கே உள்ள ஆள் மூலம் பள்ளிக்குக் கட்டிவிடுவார். கெடு நெருங்கியிருந்தது.

"நாளைக்குக் கடையில சரக்கு எண்ணுறாங்க, லீவு கெடைக்காது. மத்தியானம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிட்டு நேரா சயாமா ஆபீசுக்கு வந்துர்றேன். நீங்க கவர எடுத்துக்கிட்டு வந்துருங்கப்பா. பஸ்ல வேணாம், டாக்சி எடுங்க" என்றாள். டாக்சிக் கூலியைத் தனியாக மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பக்தன் இல்லை. மனைவி புத்தரைக் கும்பிட்டாள், என் அப்பா அம்மனைக் கும்பிட்டார். நான் இரண்டு பக்கமும் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வாசலில் நிற்கிற ஆள். அன்று காலையில் மட்டும் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. மிங்கலா தாங்ஞுன்டில் இருக்கும் அம்மன் கோயில். புறப்படும்போது என் மனதில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்துவிட்டேன். உறையைச் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வீட்டில் நினைத்தேன். டாக்சி ரயில் பாலத்தைக் கடக்கும்போது என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

நம்மவர்கள் புது வண்டி வாங்கினாலும், முதல் சம்பளம் வாங்கினாலும், பிள்ளை பயணம் போக டிக்கெட் எடுத்தாலும் அம்மன் காலடியில் வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து வாங்குவது வழக்கம். பூசாரிக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை. உறையைப் பார்த்ததும் தாம்பாளத்தை நீட்டினார். நான் உறையைத் திறந்து நோட்டுகளை வெளியே எடுத்தேன்.

"ஐயா, கவரோட வச்சாப் போதும். உள்ள என்ன இருக்குன்னு அம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

"பரவால்ல சாமி. பிரிச்சே வைப்போம்."

"டாலருங்களே. குங்குமம் பட்டா வாங்க மாட்டானுங்களே."

"புள்ள தூர தேசம் போகுது. அம்மா கை படட்டும்" என்றேன்.

என் குரல் தழுதழுத்தது. பொய்யாகத் தழுதழுக்கவில்லை, அதுதான் கொடுமை. நோட்டுகளைத் தாம்பாளத்தில் விசிறிபோல விரித்து வைத்தது நான். அவர் தயங்கித் தயங்கி மஞ்சள் நீரைத் தெளித்தார். குங்கும அர்ச்சனை செய்யச் சொன்னேன். மகளின் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு சிட்டிகை, ஈரத்தின் மேல் விழுந்தது. பிறகு அந்த நோட்டுகளை அப்படியே அடுக்கி உறையில் போட்டேன். காயக்கூட விடவில்லை.

சயாமாவின் அலுவலகத்தில் மகள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். புது உடுப்பு போட்டிருந்தாள். சயாமா உறையைச் சாய்த்ததும் மேசைக் கண்ணாடியின் மேல் சிவப்புத் தூள் கொட்டியது. பின்னால் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"இது என்ன?" என்று சயாமா பர்மியத்தில் கேட்டார்.

"அம்மன் காலடியில வச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

மகள் நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"கோயிலுக்கே போகாத ஆளு. எனக்காகப் போனீங்களாப்பா?"

நான் தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் நுனிகளிலும் குங்குமம் இருந்தது.

சயாமா நல்ல பெண்மணி. "ஊலே நல்ல மனசோட செஞ்சிருக்கார். நான் என்ன சொல்ல முடியும். ஆனா என் ஆள் இத வாங்க மாட்டார்" என்றார். மறுநாள் மாலைவரை காத்திருப்பதாகச் சொன்னார்.

அவள் சரக்கு எண்ணும் வேலைக்குத் திரும்பவில்லை. அன்றும் மறுநாளும் நாங்கள் ஏறாத பணக்கடை இல்லை. நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஒருவன் விரலால்கூடத் தொடாமல், "சாமிக்குக் குடுத்தத எனக்கு ஏன் தர்றீங்க? பாவம் வந்து சேரும்" என்று சிரித்தான். இன்னொருவன் பாதி விலை சொன்னான். கொஞ்சம் நல்லவன் ஒருவன் ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான், அதுவும் கறை குறைவாக உள்ளவற்றை மட்டும். நடுவில் அவள் வீட்டுக்கு ஓடிவந்து, சன்னலோரம் உட்கார்ந்து பஞ்சாலும் ரப்பராலும் துடைத்துப் பார்த்தாள். குங்குமம் ஈரத்தில் கரைந்து நோட்டு முழுவதும் இளஞ்சிவப்பாகப் பரவியது. அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். பஞ்சை நனைத்துக் கொடுத்தது நான்.

என் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. அதை விற்றிருந்தால் குறைந்த தொகையில் பாதியாவது வந்திருக்கும். அவள் ஒருமுறை அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. நானும் கழற்றவில்லை.

அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த சேர்க்கைக்குப் பார்க்கலாம் என்றார் சயாமா. கறை பட்ட நோட்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோம். வந்த கியாட் எங்கள் கண்ணெதிரே கரைந்தது. அதற்குள் வெளியே போகிறவர்களுக்கான விதிகள் மாறின, மறுபடியும் மாறின. அவளுக்கு முப்பது கடந்தது. முப்பதுக்கு மேல் அந்தப் பள்ளி சேர்த்துக்கொள்வதில்லை. நான் என்ன நினைத்தேனோ அது நடந்தது.

அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபத்தைத் தன்மேல் வைத்துக்கொண்டாள்.

"நம்ம கணக்குல கொஞ்சங்கூட எடமே விடலப்பா. ஒரு சின்னத் தப்பு நடந்தாக்கூடத் தாங்குற மாதிரிப் போடல. பனிக்கு ஒதுக்கத் தெரிஞ்சிச்சு, இதுக்குத் தெரியல. போட்டவ நாந்தான? நீங்க வயசானவரு, சாமி கும்பிட்டீங்க. அதுல என்ன தப்பு?"

அவளை ஆறுதல்படுத்துவதுபோல முதுகைத் தடவினேன்.

அதன் பிறகுதான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். கடையில் தலைமைக் கணக்கராக உயர்த்துகிறோம் என்றார்களாம். "எனக்கு அவ்வளவுக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டு வந்தாள். பேருந்துக்குச் சில்லறை கொடுத்தாலும் இரண்டு தடவை எண்ணுவாள். மளிகைக் கடைச் சீட்டை என்னிடம் நீட்டி, "கூட்டுனது சரியான்னு பாருங்க" என்பாள். பத்து வயதில் மனக்கணக்கில் என்னை முந்தியவள் அவள். நான் அவளுடைய ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழே கீரைக்காரி வந்து குரல் கொடுத்தாள். எங்கள் மாடியில் இருந்து தெருவுக்குத் தொங்கும் மணி கட்டிய கயிற்றில் கீரையைக் கட்டி அனுப்பினாள். மகள் பணத்தை எண்ணிக் கயிற்றின் கவ்வியில் மாட்டப்போனவள், நிறுத்தி என்னிடம் திரும்பி, "இது சரியாப்பா?" என்றாள். மூன்றே நோட்டுகள்.

அப்போது சொன்னேன். குழப்பம் வரக்கூடாது என்று அவள் அம்மாவின் மொழியான பர்மியத்திலேயே சொன்னேன். பூசாரி தடுத்ததைச் சொன்னேன். விசிறிபோல விரித்ததைச் சொன்னேன். பஞ்சை நனைத்ததைச் சொன்னேன். மோதிரத்தைச் சொன்னேன். நீ போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்றேன்.

கீழே கீரைக்காரி, "அக்கா, தூங்கிட்டியா? காசு!" என்று கத்திக்கொண்டே கயிற்றை ஆட்டினாள். சன்னலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மகள் என்னையே பார்த்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப கணக்கு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு. போதும். பனிக்குப் போயிட்டு வந்தப்புறமும் மிஞ்சியிருக்கும்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

அவள் பணத்தைக் கவ்வியில் மாட்டி இறக்கினாள். கீரையை ஆய்ந்து, கழுவி, சமைத்தாள். எனக்கு எடுத்து வைத்தாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் அவள்மேல் ஏற்ற எனக்கு வாயில்லை.

அவள் கேட்ட அந்த வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. போயிருந்தால் இந்த மழைக்கு முன்பே திரும்பி வந்திருப்பாள். வராமலும் இருந்திருக்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் நான் பம்பு போடக் கற்றுக்கொண்டிருப்பேன். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டிருப்பேன். எங்கள் படிக்கட்டில் மற்றவர்கள் கற்றுக்கொள்ளவில்லையா? அவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பயந்து இதைச் செய்தேன் என்று எழுதும்போது என் கையெழுத்தே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் கடையில் அந்தத் தலைமைக் கணக்கர் வேலையை வாங்கிக்கொண்டாள். எனக்கு அதை எதிர்வீட்டு அண்ணன் சொல்லித்தான் தெரியும். இப்போது வேலை விட்டு வந்ததும் சன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ போட்டுக்கொண்டிருக்கிறாள். மளிகைச் சீட்டு என் கைக்கு வருவதில்லை.

முந்தாநாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க மட்டும் தனியா இருந்தா, மருந்து, சாப்பாடு, கரண்டு பில்லு எல்லாஞ் சேத்து மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

நான் ஒரு தொகை சொன்னேன். குறைத்துத்தான் சொன்னேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டாள். அவள் விரல் திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒருதடவ பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றாள்.

அவள் சம்பளம் எனக்குத் தெரியும். இன்றைய டாலர் விலையும் தெரியும். அவள் எந்த நாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கு முடிய இன்னும் பல வருடம் ஆகும், அதற்குள் அவள் வயதுக்கு எந்த வாசல் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை கணக்கில் நிறைய இடம் விட்டுப் போடுகிறாள். கரண்ட் போனது. கைப்பேசி வெளிச்சத்தில் அவள் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள்.